அப்பா அடைக்காமல் விட்ட உடைப்பு

அன்புள்ள ரெக்ஸ்,

நான் உப்பளக் கரையில் உட்கார்ந்து அழுதேன் என்று உன் சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்கும் போனில் சொல்லியிருப்பார். நான் அழவில்லை. உட்காரவும் இல்லை. இரண்டு பக்கமும் சேறு, நடுவில் புதுமண், நான் கட்டியிருந்தது கஞ்சி போட்ட பருத்திப் புடவை. அந்த இடத்தில் போய் உட்காரும் அளவுக்கு எனக்குப் புத்தி தடுமாறவில்லை. காற்றில் கண்ணில் மண் விழுந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்பா பெயரில் நீ வனம் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறாராம். அதுவும் தவறு. பலகையில் அப்பா பெயரைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத்து நேராக இருந்தது, பிழை இல்லை, இனிஷியலுக்குப் பிறகு புள்ளிகூட வைத்திருந்தார்கள். நான் பேசியது பலகையைப் பற்றி அல்ல. அதற்குப் பக்கத்தில் நீ போடச் சொன்ன மண்கரையைப் பற்றி. ஊரார் என்னை என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். நீ மட்டும் நான் சொல்ல வந்ததைக் கண்ணீர் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ ஈஸ்டருக்கு வந்தாய், ஒரு வாரம் இருந்தாய், உப்பளத்தின் கடலோரத்தில் நிற்கிற அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்த்தாய். ஓடைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைத் துண்டுகளும் வந்து வேர்களில் சிக்கியிருந்ததைப் பார்த்து மனம் வருந்தினாய். வெளிக்கரையில் இருந்த உடைப்பை மண் போட்டு அடைத்துவிடு, அதன் மேல் லாரியும் போகலாம், காட்டுக்குள் குப்பையும் வராது, கேட் போட்டு அப்பா பெயரில் பலகை வை என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். அவர் சொன்னபடி செய்து முடித்தார். மரங்களைக் காப்பாற்றுவதாகத்தான் நீ நினைத்தாய் என்பது எனக்குத் தெரியும். உன்னை வைது எழுதவில்லை. ஆனால் அந்த மரங்கள் இப்போது செத்துக்கொண்டிருக்கின்றன, ரெக்ஸ். நிலம் உன் பெயரில் இருக்கிறது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதனால் கரையை வெட்டிவிடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, உனக்குத்தான் இருக்கிறது.

அந்த உடைப்பு எப்படி வந்தது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழையில் வெளிக்கரை போய்விட்டது. உப்புக்காரர்களுக்கு உடைந்த கரையைக் கண்டால் கை சும்மா இருக்காது. சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவார்கள். மறுநாளே லாரியில் மண் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்படியே மூன்று பேரும் போனோம். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நீ கரையில் நின்றாய். ஓடைத் தண்ணீர் உடைப்பு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பாத்திக்குள் நுழைந்து, வரப்புகளைத் தடவி, ஒவ்வொரு மூலையாக எட்டிப் பார்ப்பதுபோல் பரவியது.

“கடல் உள்ள வந்துட்டே, நம்ம உப்பெல்லாம் போயிருமாப்பா?” என்று நீ கேட்டாய்.

“வந்தா வரட்டும்லே. சுத்திப் பாத்துட்டுச் சாயங்காலம் போயிரும்” என்றார் அப்பா.

சாயங்காலம் போய்விட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் வந்தது. அப்பா மண் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கடலோரப் பாத்திகளில் உப்பு சரியாக விளைவதில்லை, செலவுக்குக் கட்டாது என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. தண்ணீர் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பிடித்துப்போயிற்று. உன் சித்தப்பா அன்றைக்கு விட்டாரா? “அண்ணன் கடலுக்கு நாலு பாத்திய சீதனமா குடுத்துட்டாவ, மதினி. மாப்பிள்ளை தெனமும் ரெண்டு தடவ விருந்துக்கு வாராரு” என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. வேலி பிய்ந்து கிடக்கிற வீடு மாதிரி நம் உப்பளம் கிடக்கிறதே என்று வெட்கப்பட்டேன்.

பிறகு விதைகள் வந்தன. அவரைக்கொட்டை மாதிரி தட்டையான, பச்சைத் தோல் போர்த்த அலையாத்திக் காய்கள். யாரும் நடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிற்று. முதலில் சேற்றில் இரண்டிரண்டு இலை தெரிந்தது. அடுத்த மழைக்கு உன் முழங்கால் உயரம். நீ பத்தாம் வகுப்பு எழுதும்போது அவை உன்னைத் தாண்டிவிட்டன. சேற்றுக்குள்ளிருந்து மூச்சு வேர்கள் பென்சில் பென்சிலாக மேலே வந்து நின்றன. ஒரு பெரிய வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் விடை தெரியும் என்று ஒரே நேரத்தில் விரலைத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி. காலையில் பனி காயும் நேரத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். அப்பா அதை நாக்கில் வைத்துப் பார்ப்பார். “இதுவும் நம்ம சாதிதான், தண்ணியக் குடிச்சிட்டு உப்ப வெளிய வைக்குது” என்பார். அவருடைய உப்பைவிட அது வெள்ளை என்று நான் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

ஒரு நாள் என்னைச் சின்ன வள்ளத்தில் ஏற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நீச்சல் தெரியாது. கான்வென்டில் பியானோ சொல்லித் தந்தார்கள், நீச்சல் சொல்லித் தரவில்லை. இரு கையாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டே போனேன். பாதி வழியில் செபமாலை நின்றுவிட்டது. வெளியே வெயில் வெள்ளையாய்க் கொதிக்கிறது, உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. உள்ளே நுழைந்ததும் ஒரு பச்சை நிழல், ஈரத் துணியை நெற்றியில் போட்டதுபோல். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம் இருக்கிறது, மரத்துக்குக் கீழே இன்னொரு மரம் தலைகீழாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் போகிறோம். வேர்களுக்கிடையில் கண்ணாடித் துண்டுகள் ஓடுவதுபோல் இறால் குஞ்சுகள். எங்கிருந்தோ டக் டக்கென்று விரல் சொடுக்கும் சத்தம் வந்தது. யார் என்று கேட்டேன். சேற்றுக்குள் இருக்கிற இறால்தான் என்றார். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. நான் கடிகாரம் பார்க்காமல் இருந்த நேரங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அது ஒன்று.

அந்தக் காடு நமக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அது செய்தது எதுவும் சத்தம் போட்டுச் செய்யவில்லை. நாம் உப்புக்கு ஓடையிலிருந்துதான் தண்ணீர் இறைக்கிறோம். மரம் வருவதற்கு முன்பு அந்தத் தண்ணீர் காபி நிறத்தில் வரும், உப்பில் மண் படியும், தரகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். மரம் வந்த பிறகு சேறெல்லாம் வேர்களில் தங்கிவிட்டது, தண்ணீர் தெளிந்து வந்தது, நம் உப்பு வெளுத்தது. அப்பா இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை, சித்தப்பாவிடம் மட்டும் ஒரு கைப்பிடி உப்பைக் காட்டி, “மாப்பிள்ளை சீர் கொண்டுவந்திருக்காருல” என்றார். துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் நிலக்கரித் தூள் வரும் அல்லவா, அது மேற்கே பாத்திகளில் விழுவதற்கு முன் பாதி இந்த இலைகளில் தங்கிவிடும். மழை வந்து கழுவும்வரை கடலோர மரங்கள் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும். அந்த மார்கழி வெள்ளத்தில் ஆறும் மழையும் சேர்ந்து வந்தபோது அக்கம்பக்கத்து உப்பளங்களின் கரைகள் கரைந்துபோயின; காட்டுக்குப் பின்னால் இருந்த நம் கரை நின்றது. முழுக்க மரத்தால்தான் நின்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், நம் கரை கொஞ்சம் மேடும்கூட. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, வேரோடு பிடுங்கி வந்த பனைகளும் கூரைத் தகடுகளும் ஒரு படகும்கூட அந்த மரங்களுக்குள் சிக்கி நின்றன. அவை நம் கரையில் வந்து மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

நண்டு பிடிக்க வருகிற பாக்கியத்தை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன் கையில் நண்டைக் கொடுத்து அழவைத்தவள். அவளும் அவளோடு வருகிற பெண்களும் இந்தக் காட்டை வைத்துத்தான் அடுப்பு எரிக்கிறார்கள். கடலில் பெரிய மீனாகப் பிடிபடுகிறதில் எத்தனையோ இங்கேதான் குஞ்சாக ஒளிந்து வளர்ந்திருக்கும். பாக்கியம் அதைச் சொல்கிற விதம் வேறு: “பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்ன இங்கனதான்மா பால்வாடி.” மரங்களைப் பற்றிப் படிக்கக் கல்லூரியிலிருந்து வருகிற பிள்ளைகள், இந்தச் சேறு காற்றில் இருக்கிற கரியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது, உலகமே சூடாகாமல் இருக்க இதுவும் ஒரு கை கொடுக்கிறது என்று எனக்கு விளக்கினார்கள். இருக்கட்டும். உலகத்துக்கு ஆகிறது, மீனுக்கு ஆகிறது, பாக்கியத்துக்கு ஆகிறது, நம் உப்புக்கும் ஆகிறது. இத்தனை பேருக்கு ஆகிற ஒன்றை யாரும் கூலி கொடுத்து வேலைக்கு வைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அப்பா போன பிறகு மத்தியானத்தில் கண்ணயரும்போது எனக்கு ஒரு கனவு வரும். டவுனில் நம் வீட்டு வாசல் திறந்திருக்கிறது. தெருவில் தண்ணீர் ஏறி வருகிறது, கூடத்துக்குள் வருகிறது, நாற்காலிக் கால்களைச் சுற்றிப் போகிறது, பியானோவின் அடியில் நுழைகிறது. எதையும் நனைக்கவில்லை. தரைத் தளவரிசைக்கு நடுவில் அந்த மூச்சு வேர்கள் முளைத்து நிற்கின்றன, நான் அவற்றை மிதிக்காமல் சமையலறைக்கு நடக்கிறேன். அப்பா உள்ளே எங்கேயோ இருக்கிறார், வள்ளத்துக் கழி தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்கிறது. பிறகு தண்ணீர் போகிறது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஹாரன் அடிக்கும், விழித்துக்கொள்வேன். தரை காய்ந்துதான் இருக்கும், ஆனால் அறையில் ஓடை வாசம் இருப்பதுபோல் தோன்றும். இந்தக் கனவை நான் பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குச் சொல்வதற்குக் காரணம், கரையை அடைத்த பிறகு வந்த கனவில் தண்ணீர் உள்ளே வந்தது, போகவில்லை.

கனவை நம்பி நான் காரியம் செய்கிறவள் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க அப்பா வைத்திருந்த கண்ணாடிக் குழலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முதலில் கரைக்கு வெளியே ஓடையில் விட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர் கடல் தண்ணீராக இருந்தது. பிறகு உள்ளே, மரங்களுக்கு நடுவில் தேங்கி நின்ற தண்ணீரில் விட்டேன். உப்பு கூடிப்போய்க் குழல் எழும்பி மிதந்தது. கடல் தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு உப்பு, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாத வெயில், ரெக்ஸ். கடல் தண்ணீரைக் கரை கட்டி நிறுத்தினால் வெயில் அதை என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியவேண்டும். மூன்று தலைமுறையாக அதைச் செய்துதான் சாப்பிடுகிறோம். அப்பா பெயரில் காடு வைக்கிறேன் என்று நினைத்து நீ ஒரு பாத்தி கட்டியிருக்கிறாய். மூச்சு வேர்கள் இப்போது எந்நேரமும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. முன்பு வற்றும்போதாவது மூச்சு விடும். இலை மஞ்சளாகி உதிர்கிறது. உள்ளே இறாலும் இல்லை, அந்தச் சொடுக்குச் சத்தமும் இல்லை.

உன் சித்தப்பாவும் அன்றைக்குக் கூட இருந்தார். “மரம் தண்ணியிலதான மதினி நிக்கி? பெறவு என்ன?” என்றார்.

“நீங்களும்தான் தண்ணியில நிப்பீங்க. மூக்கு வரைக்கும் நின்னு பாருங்க” என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் நான் அழுத கதை ஊருக்குள் போயிருக்கிறது.

பாக்கியம் கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். “பெரியய்யா பேர்ல போர்டு வச்சிருக்காவ, உள்ள வந்தா அபராதம்னு எழுதியிருக்காவளாம்மா. நானாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நண்டுக்கு யாரு வாசிச்சுச் சொல்லுவா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் சிரிக்காமல், “உள்ள நண்டே இல்லம்மா. கேட்ட தொறந்துவிட்டாலும் எனக்கு அங்கன ஒரு சோலியும் இல்ல” என்றாள்.

கணக்கப்பிள்ளை சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, கரையை வெட்டிவிட முடியுமா என்று கேட்டேன். “ஜேசிபி கூப்புட்டா அரை நாள் வேலம்மா. ஆனா சின்ன முதலாளி சொல்லாம நான் ஒரு கூடை மண்ண எடுக்க முடியாது. போன்ல கேட்டா, அம்மா மனசு நோகாம பாத்துக்கோங்கன்னு சொல்லுதாவ. அதுக்கு என்னம்மா அர்த்தம்? வெட்டவா, வேண்டாமா? அவுக கையால ஒரு எழுத்து இருந்தா போதும்” என்றார். அவர் மேல் தவறில்லை. உன் சித்தப்பா ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், நீ எல்லாருக்கும் சரி சரி என்கிறாய். என்னிடமும் போனில், “ஒரு மரத்தக்கூட வெட்டச் சொல்லலியேம்மா” என்றாய். உண்மைதான், வெட்டச் சொல்லவில்லை.

நீ இதை எங்கே கற்றாய் என்று யோசித்தேன். நம் வீட்டில் ஒரு நல்ல பொருள் இருந்தால் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொள்வேன். என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளில் நாம் ஒரு நாளும் தேநீர் குடித்ததில்லை. அதனால் அவை இன்னும் உடையாமல் இருக்கின்றன, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கோப்பைக்கு அது சரி. அலையாத்திக்குத் தினமும் யாராவது வந்து போகவேண்டும்: தண்ணீர், மீன், கொக்கு, பாக்கியம். குப்பை வருவது உண்மைதான், உன் வருத்தம் நியாயமானது. உடைப்பின் வாயில் கம்பு ஊன்றிப் பழைய வலையைக் கட்டினால் பை எல்லாம் அதில் நிற்கும். வாரம் ஒரு தடவை எடுத்துப் போட பாக்கியத்தின் ஆட்களுக்கே கூலி கொடு. அவர்களைவிட அக்கறையாக யார் செய்வார்கள்? லாரி போகவேண்டும் என்றால் உடைப்பின் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டு. குழாய் பதிக்கலாம் என்று சித்தப்பா சொல்வார், கேட்காதே, அதில் முதல் வாரமே அறுந்த வலைத் துண்டுகள் வந்து அடைத்துக்கொள்ளும். பலகை அங்கேயே இருக்கட்டும். அபராதம் என்கிற வரியை மட்டும் அழித்துவிடு. அப்பா யாருக்கும் அபராதம் போட்டவர் இல்லை.

கான்வென்டில் தையல் வகுப்பில் என் தையல் ஒரு நூல் கோணினாலும் சிஸ்டர் கத்தரிக்கோலை நீட்டுவார், பேசமாட்டார். பிரிக்கவேண்டும், மறுபடி தைக்கவேண்டும். பிரிப்பதில் ஒரு கேவலமும் இல்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கோணலோடு உடுத்திக்கொண்டு நடப்பதுதான் கேவலம். நீ முதலாளி, ஈஸ்டருக்குப் போட்ட கரையை ஆனி மாதத்தில் வெட்டச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்களோ என்று நினைக்காதே. சிரித்தால் ஒரு நாள் சிரிப்பார்கள். உன் அப்பாவைப் பார்த்து ஊரே சிரித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று நீ சொல்லக் கூடாது. இந்த மாதிரி மரங்களுக்கு அரசாங்கத்தில் சட்டம் இருக்கிறது, வனத்துறையில் மனு கொடுத்தால் ஆள் வரும் என்று கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள். மனு எப்படி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும், என் கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கிறது. பெற்ற பிள்ளை பெயரை ஓர் அலுவலகக் கோப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் உனக்கு முதலில் எழுதுகிறேன். கடைசிவரை மனம் வராது என்று நம்பிவிடாதே. சுடலைமுத்து சொல்வதைப் பார்த்தால் ஆடிக் காற்று தொடங்கினால் உள்ளே உப்பு இன்னும் வேகமாக ஏறும், அதற்குள் ஓடைத் தண்ணீர் உள்ளே போகவேண்டும். இளம் மரங்கள் போய்விட்டன, பெரியவை இன்னும் நுனியில் பச்சையாக இருக்கின்றன. நான் நேற்றும் போய்ப் பார்த்தேன். ஓடைப் பக்கம் கரையின் மண்ணில் ஈரம் ஏறியிருந்தது. வெளியே தண்ணீர் வந்து கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போயிற்று.

இந்தக் கடிதத்துக்குப் போனில் பதில் சொல்லாதே. போனில் நீ என் உடம்பை விசாரிப்பாய், மாத்திரை போட்டாயா என்பாய், பேச்சு வேறு எங்கோ போய்விடும். சுடலைமுத்துவிடம் காட்டுவதற்கு எனக்கு உன் எழுத்து வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில், கரையை வெட்டி உடைப்பைத் திறக்கவும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடு. தபால் வந்து சேர நாளாகும், படம் எடுத்து அனுப்பினாலும் அவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்றால் அதையும் எழுது, காரணத்தோடு எழுது. எதுவானாலும் இந்த வாரத்துக்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா